கீறல் விழுந்த பைக், பெயின்ட் அடித்த பைக், விழாத பைக்: எதை வாங்குவது?

"மாமா, வண்டி நல்லாத்தான் ஓடுது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் தேச்சிருக்கு. எண்பதுக்குப் போற வண்டிய அறுபத்திரண்டுக்குத் தர்றாரு. எடுத்துடவா?"

திருச்சியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான அக்கா மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். கூடவே ஏழு போட்டோ. ஏழிலும் வண்டியின் இடது பக்கம்தான் இருந்தது.

இந்த வருடத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது ஆள் அவன். எனக்கும் சொந்தமாகவும் சொந்தக்காரர்களுக்காகவும் பழைய பைக் பார்த்துப் பார்த்து ஓரளவு கை பழகிவிட்டது. ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறேன். ஆகவே போனில் சொன்னதை எல்லாம் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

அவன் முன்னால் இருந்தவை மூன்று வண்டிகள். மூன்றும் 2021 மாடல், ஒரே 150 சிசி ரகம்.

முதலாவது, தனி ஆள் விற்பது. மணலில் சறுக்கி வலது பக்கம் விழுந்திருக்கிறது. எதையும் சரிசெய்யவில்லை. 24,000 கிலோமீட்டர், 62,000 ரூபாய். இரண்டாவது, பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடையில் நிற்பது. 'ஷோரூம் கண்டிஷன்' என்று அட்டை தொங்குகிறது. 74,000 ரூபாய். மூன்றாவது, ஓர் ஆசிரியரின் வண்டி. விழாதது, சிங்கிள் ஓனர், 36,000 கிலோமீட்டர், 80,000 ரூபாய்.

நான்காவதாக அக்காவின் யோசனை ஒன்று உண்டு: "எதுக்குப் பழசு? சின்ன வண்டியா புதுசு எடுத்துக்கட்டும்." அதையும் கடைசியில் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையிலிருந்து ஆரம்பித்தால் கண்டிப்பாக வழி தவறும். நான் பார்க்கும் வரிசை இது.

முதலில், வண்டி நேராக இருக்கிறதா? சேஸிஸ் (வண்டியின் எலும்புக்கூடு), முன் போர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்), இரண்டு சக்கரங்கள். இதில் பாஸ், பெயில் மட்டும்தான். நடுவில் மார்க் கிடையாது. சேஸிஸ் வளைந்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, சாலையில் இறக்குவதற்கு ஆகும் மொத்தச் செலவு. கொடுக்கும் விலையோடு, உடனே மாற்றியாக வேண்டிய பொருட்களின் விலையையும் சேர்த்த தொகை. உடைந்த பிரேக் லீவரை மாற்றியாக வேண்டும். டேங்கில் இருக்கும் கீறல் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் போடுவதால்தான் பலருக்குக் கணக்கு குழம்புகிறது.

மூன்றாவது, காகிதம்: ஆர்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் பாக்கி, போலீஸ் கேஸ். நான்காவது, திரும்ப விற்கும்போது என்ன கிடைக்கும் என்பது. ஐந்தாவது, யார் ஓட்டப்போகிறார், இரவில் எங்கே நிற்கப்போகிறது என்பது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பல நேரம் முடிவு செய்வது அதுதான்.

## எப்படி விழுந்தது என்று கீறலைக் கேளுங்கள்

'விழுந்த வண்டி' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஸ்டாண்டு சரியாக நிற்காமல் நின்ற இடத்திலேயே சாய்ந்த வண்டி ஒன்று. லீவர் நுனி, ஹேண்டில்பார் முனை, புட்ரெஸ்ட் நுனி ஆகியவற்றில் புள்ளி புள்ளியாகச் சிராய்ப்பு இருக்கும். நீளமான கோடு இருக்காது. இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது சறுக்கி விழுந்தது. மணல், மழை, சாணி, ஆயில் இப்படி ஏதோ ஒன்று. வண்டி ஒரு பக்கமாகப் படுத்து, தரையில் தேய்ந்துகொண்டே போகும். கோடுகள் எல்லாம் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் ஓடும். கண்ணாடி, லீவர், கிராஷ் கார்டு, சைலன்சர் ஷீல்டு, பின்னால் பிடிக்கும் கம்பி என்று ஒரே பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பொருட்கள் எல்லாம் தேயும். தேய்ந்த இடங்களை மனசுக்குள் ஒரு பலகையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே சமதளத்தில் வந்தால் கதை உண்மை.

மூன்றாவது நேராகப் போய் மோதியது. இதில் கீறலே இல்லாமலும் இருக்கும். ஆட்டோவின் பின்பக்கம் இடித்து நின்ற வண்டிக்கு முன் மட்கார்டும் ஹெட்லைட்டும் மாற்றிவிட்டால் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் போர்க் பின்னால் வளைந்திருக்கும். விலை குறைக்க வேண்டிய வண்டி இதுதான், ஆனால் குறைப்பதில்லை. ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இடது பக்கம் விழுந்த வண்டியை நான் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பேன். கியர் லீவர் உள்ளே மடங்கி, கியர் ஷாப்ட் வளைந்திருக்கும் வாய்ப்பு உண்டு. ஷாப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயில் கசிந்து தூசி படிந்திருந்தால் அதுதான் அடையாளம். வலது பக்கம் என்றால் ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டுச் சட்டென்று விடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ ஹேண்டில்பார் வளைந்திருக்கலாம்.

## இருபது நிமிடச் சோதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் திருச்சிக்குப் போனேன். பையில் கொஞ்சம் நைலான் நூல், ஒரு சாக்பீஸ், வீட்டு பிரிட்ஜில் ஒட்டியிருந்த மாம்பழ வடிவக் காந்தம். அக்கா மகன் சிரித்தான். வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விரல் நுனியால் தள்ளினோம். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுவதுபோல் இருந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங், அடிவாங்கியிருக்கிறது. கோன்செட் மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் அது ஏன் அடிவாங்கியது என்பதுதான் கேள்வி.

பிறகு சாக்பீஸை போர்க்கோடு அணைத்துப் பிடித்து, நுனி ரிம்முக்கு மயிரிழை தள்ளி இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினோம். ரிம் எங்காவது நெளிந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சாக்பீஸ் கோடு விழும். அலாய் வீலில் நெளிவோ விரிசலோ இருந்தால் அதை நிமிர்த்தி ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. புதுசுதான் போட வேண்டும்.

நூல் வேலை பின் சக்கரத்திலிருந்து தொடங்கும். செயின் இழுக்கும் இடத்தில் இருக்கும் அளவுக் கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பின் டயரைச் சுற்றி நூலை மாட்டி, இரண்டு நுனிகளையும் இருபக்கமாக முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். பின் டயர் அகலம், முன் டயர் ஒல்லி. ஆகவே முன் டயரின் இருபக்கமும் நூலுக்கு இடைவெளி இருக்கும். இரண்டு இடைவெளியும் சமமாக இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. விழுந்த வண்டியில் போர்க் மட்டும் பிராக்கெட்டுக்குள் கொஞ்சம் திருகிக்கொண்டு, ஹேண்டில் கோணலாகத் தெரிவது உண்டு. போல்ட்டைத் தளர்த்தி நேராக்கி இறுக்கினால் சரியாகிவிடும். இதைப் பார்த்தே பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். பேரம் பேச அது நல்ல இடம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. டேங்குக்கு முன்னால், போர்க் சேஸிஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். வெல்டிங்குக்குப் பக்கத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா? சுருக்கம் விழுந்திருக்கிறதா? அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறதா? ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது முட்டி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியோ உடைந்தோ இருக்கிறதா? டேங்கின் முன்பக்க ஓரத்தில் ஹேண்டில் மோதிய குழி இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலே நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

போர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். சிக்கிச் சிக்கி எழுந்தாலோ, குழாயில் ஆயில் வளையம் விழுந்தாலோ குழாய் வளைந்திருக்கலாம். நம் ஊரில் வளைந்த போர்க் குழாயைப் பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்திப் போடும் வழக்கம் உண்டு. யமஹா தன் சர்வீஸ் மேனுவல்களிலேயே வளைந்த உள்குழாயை நிமிர்த்தாதே, பலம் ஆபத்தான அளவுக்குக் குறையும் என்று எச்சரிக்கிறது. அந்த வார்த்தையைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். சாவி போட்டதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி கொஞ்சம் உருண்டதும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சென்சாரோ ஒயரோ அடிவாங்கியிருக்கலாம். எரியவே இல்லை என்றால் யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள்.

கடைசியில் ஓட்டிப் பார்ப்பது. ஆள் இல்லாத நேர் ரோட்டில் நாற்பதில் போய், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் கையைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் பிடிக்கும்போது லீவர் விரலில் துடிக்கிறதா? துடித்தால் டிஸ்க் நெளிந்திருக்கலாம்.

## கீறலோடு நிற்கும் வண்டி

முதல் வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. ஹேண்டில்பார் மட்டும் வலது பக்கம் லேசாக மடங்கியிருந்தது. விற்கிற தம்பி சமயபுரம் பக்கம் ஒரு வளைவில் மணலில் சறுக்கியதாகச் சொன்னார். கோடுகளும் அதையேதான் சொல்லின.

ஏன் சரிசெய்யாமல் விற்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை இன்சூரன்ஸில் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மொத்தமாகக் கட்டியாக வேண்டும். நம் வண்டியின் சேதத்துக்கான பாலிசியைப் பலரும் ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்து, அப்புறம் புதுப்பிப்பதே இல்லை. 'இன்சூரன்ஸ் இருக்கு சார்' என்பார்கள். இருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும். விழுந்தால் கைக்காசுதான். முழு பாலிசி இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். தேய்மானம் பிடிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி போடாதவருக்கு அந்தப் பாகங்களுக்குப் பாதிதான் வரும். கிளைம் போகாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸும் போய்விடும். அதனால் சின்னக் கீறலுக்கு யாரும் கிளைம் போவதில்லை. கீறல் வண்டி சந்தைக்கு வந்தாலே வில்லங்கம் என்று நினைக்க வேண்டியதில்லை.

செலவு? அக்கா மகனின் மெக்கானிக் உட்கார்ந்து எழுதிய பட்டியல்: பிரேக் லீவர் 250, கண்ணாடி 350, இன்டிகேட்டர் 300, ஹேண்டில்பார் 900, புட்ரெஸ்ட் 350, கிராஷ் கார்டு 1,400, கோன்செட் சரிபார்த்து இறுக்கிப் பூட்டக் கூலி 600. ஆக 4,150 ரூபாய். இது கட்டாயச் செலவு. அழகுக்கு என்று பார்த்தால் டேங்க் பெயின்ட் 2,500, சைடு பேனல் 1,100, சைலன்சர் ஷீல்டு 700 என இன்னொரு 4,300. இது அவன் இஷ்டம். சென்னைக்காரர்கள் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதிதாகவோ புதுப்பேட்டையில் பழையதாகவோ இதையே தேடலாம். ஆனால் பிரேக், போர்க் சம்பந்தப்பட்ட எதையும் பழசில் வாங்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. புதிதாக முழு இன்சூரன்ஸ் போடும்போது கம்பெனி வண்டியைப் போட்டோ, வீடியோ எடுத்துப் பார்க்கும். ஏற்கெனவே இருக்கும் சேதத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, நாளைக்குக் கிளைம் போனால் அதற்குத் தர மாட்டார்கள். ஆகவே பேனலை மாற்றுவதாக இருந்தால் இன்சூரன்ஸுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

திரும்ப விற்கும்போது? இன்று நாம் குறைத்ததுபோல நாளை நம்மிடமும் குறைப்பார்கள். ஆனால் வண்டிக்கு வயது ஏற ஏறக் கீறலின் மதிப்பு குறையும். ஏழு வயது வண்டியில் கீறல் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இது யாருக்குச் சரி: புதிதாக ஓட்டிப் பழகுபவருக்கு, தெருவில் நிறுத்துபவருக்கு, நாலைந்து வருடம் வைத்துக்கொள்பவருக்கு. ஸ்ப்ளெண்டர் போல, பல்சர் 150 போல மேலே பெரிய பிளாஸ்டிக் உறை இல்லாத வண்டிகளில் இது நல்ல பேரம். ஆர்15 மாதிரி முழு ஃபேரிங் (பிளாஸ்டிக் உறை) போர்த்திய வண்டியில் கதையே வேறு. ஒரு பக்க உறை, உள்ளே அதைத் தாங்கும் கம்பி, எல்இடி ஹெட்லைட் என்று போனால் தள்ளுபடி முழுவதையும் பிளாஸ்டிக்கே விழுங்கிவிடும். எல்இடி ஹெட்லைட்டில் பல்பு மட்டும் மாற்ற வழியில்லை. மொத்த யூனிட்டும்தான்.

## பளபளவென்று நிற்கும் வண்டி

கன்சல்டிங் கடை வண்டியில் மாம்பழக் காந்தத்துக்கு வேலை வந்தது. டேங்கின் வலது தோளில் ஒட்டினேன், கப்பென்று பிடித்தது. இடது தோளில் ஒட்டினேன். மெதுவாக வழுக்கிக் கீழே வந்து சீட்டில் விழுந்தது. உள்ளே பட்டி. குழி விழுந்த தகரத்தைப் பட்டி போட்டு நிரப்பி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். டேங்குக்கு மேல் பிளாஸ்டிக் மூடி வரும் மாடல்களில் இந்த வித்தை பலிக்காது. இரும்பு தெரியும் இடத்தில்தான் பார்க்க முடியும்.

அடுத்து பேனல்களின் உள்பக்கம். பிளாஸ்டிக் பாகங்கள் பலவற்றில் கடிகார முகம்போல ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் வருடம், அம்புக்குறி காட்டுவது மாதம். 2021 வண்டியில் ஹெட்லைட் மூடியும் முன் மட்கார்டும் 2023 என்றன. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2321 என்றால் 2021-இன் 23-ஆவது வாரம். இந்த வண்டியில் பின் டயர் பழையது, முன் டயர் புத்தம் புதிது. சாதாரணமாக முதலில் தேய்வது பின் டயர்தான்.

"ஓனர் சும்மா டச்சப் பண்ணிருக்காரு சார்" என்றார் கடைக்காரர். இருக்கலாம். ஆனால் முன் மட்கார்டு, ஹெட்லைட், முன் டயர், டேங்கின் முன்தோள் நான்கும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஸ்டாப்பர் புதுக் கறுப்பில் மின்னியது. மேலே சொன்ன மூன்றாவது ரகம், நேராகப் போய் மோதியது. பழைய பில், விழுந்தபோது எடுத்த போட்டோ, எந்த இடத்தில் வேலை நடந்தது என்ற விவரம், எதுவும் அவரிடம் இல்லை.

இன்னொரு ஆபத்தும் இந்த ரகத்தில்தான் இருக்கிறது. சரிசெய்யும் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை டோட்டல் லாஸ் என்று முடித்துவிடும். அந்த வண்டிகளில் சில கைமாறி, நிமிர்த்தப்பட்டு, பெயின்ட் பூசிக்கொண்டு திரும்ப சந்தைக்கு வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய பாலிசியை வாங்கிப் போனஸ் வரியைப் படியுங்கள். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, 50 என்று ஏறும். சிங்கிள் ஓனர் வண்டி, மூன்று வருடம் முழு பாலிசி ஓடியிருக்கிறது, ஆனால் போனஸ் பூஜ்யம் என்றால் கேள்வி கேளுங்கள். கிளைம் போயிருக்கும், அல்லது 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருப்பார். அந்த மாடலின் சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி ஓனரையே கேட்கச் சொன்னால் வேலை நடந்த வரலாறும் கிடைக்கும்.

இது யாருக்குச் சரி: விழுந்த போட்டோவையும் பில்லையும் விற்பவர் தானாகவே எடுத்துக் காட்டினால் யாருக்கும் சரி. புல்லட் போன்ற வண்டிகளில் விழாமலேயே ஆசைக்குப் பெயின்ட் மாற்றுபவர்கள் நிறைய. அங்கே புதுப் பெயின்டை மட்டும் வைத்துச் சந்தேகப்பட முடியாது. மற்றபடி, கீறலைப் பார்த்துப் பயந்து இந்த வண்டிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நான் ஏமாந்ததும் அப்படித்தான்.

## விழாத வண்டி

ஆசிரியரின் வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நேராக இருந்தது, காகிதம் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் தேதி வாரியாக இருந்தது. ஆனால் 36,000 கிலோமீட்டரில் செயின் ஸ்ப்ராக்கெட் முடிந்துபோயிருந்தது, பின் டயர் வழவழவென்று இருந்தது. 2,200-ம் 2,600-ம் சேர்த்து 4,800. உடம்பில் கீறல் இல்லாததால் உள்ளே செலவு இருக்காது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆக மொத்தம் 84,800. முதல் வண்டி 66,150. வித்தியாசம் 18,650.

இது யாருக்குச் சரி: இரண்டு வருடத்தில் விற்றுவிட்டுப் பெரிய வண்டிக்குப் போகப்போகிறவருக்கு, நம்பிக்கையான மெக்கானிக் இல்லாத ஊரில் இருப்பவருக்கு, முழு ஃபேரிங் வண்டி தேடுபவருக்கு. கீறலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும் ஆட்களும் உண்டு. அவர்களும் இதையே எடுக்கட்டும். ஏனென்றால் ஆறு மாதத்தில் 10,000 செலவழித்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள்.

## அக்காவின் யோசனை: புதுசு, ஆனால் சின்னது

வாரண்டி உண்டு, கடன் சுலபமாகக் கிடைக்கும், பழைய வண்டிக் கடனைவிட வட்டியும் பொதுவாகக் குறைவு. ஆனால் 62,000 கையில் இருக்கும் பையன் மாதத் தவணைக்குள் போக வேண்டும். தினமும் ஹைவேயில் முப்பது கிலோமீட்டர் போகிறவனுக்கு 100 சிசி வண்டி பெரிய லாரிகளோடு மல்லுக்கட்டத் தோது இல்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் அக்கா சொல்வதுதான் சரி.

## ஒரே பார்வையில்

| | கீறல் வண்டி | பெயின்ட் வண்டி | விழாத வண்டி |
|---|---|---|---|
| கேட்கும் விலை | 62,000 | 74,000 | 80,000 |
| கட்டாயச் செலவு | 4,150 | போர்க்கைப் பிரித்தால்தான் தெரியும் | 4,800 |
| நேராக இருக்கிறதா | தேறியது | சந்தேகம் | தேறியது |
| நடந்தது தெரிகிறதா | மேலேயே எழுதியிருக்கிறது | மறைக்கப்பட்டிருக்கிறது | காகிதத்தில் இருக்கிறது |
| முழு இன்சூரன்ஸ் | இருக்கும் கீறலுக்குக் கிடையாது | மறைந்த சேதம் கிளைமில் தகராறாகலாம் | சிக்கல் இல்லை |
| திரும்ப விற்க | குறைத்துக் கேட்பார்கள் | காந்தம் வைத்திருப்பவர் வராதவரை நல்ல விலை | நல்ல விலை |

## காகிதத்தில் விழுந்த அடி

விழுந்த வண்டி என்றால் வழக்கமான ஆர்.சி. பார்ப்பதோடு கூடுதலாக ஒரு கேள்வி இருக்கிறது: விழுந்தபோது வேறு யாருக்காவது அடிபட்டதா?

அடிபட்டு எப்.ஐ.ஆர். போட்டிருந்தால் வண்டி வழக்குச் சொத்து. கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாக எடுத்து வந்திருப்பார்கள். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது என்று அதில் நிபந்தனை இருப்பது சகஜம். அதை வாங்கி நாம் பேனல் மாற்றிப் பெயின்ட் அடித்தால் வம்பு நம் வீட்டுக்கு வரும். "போலீஸ் ஸ்டேஷன் போச்சா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

மற்றவை எல்லா வண்டிக்கும் பொதுவானவை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு பைனான்ஸ், இன்சூரன்ஸ் தேதி, அபராதப் பாக்கி பாருங்கள். பைனான்ஸ் இருந்தால் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், போட்டோவை நம்பாதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். பழைய ஓனரின் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும்.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்ல வழக்கம். விற்பவருக்கும் பெயர் மாற்றத்தில் அவசரம் இருக்க வேண்டும். வண்டி ஆர்.சி.யில் யார் பெயரில் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

## பேரம்

என் கணக்கு எளிது. தெரிகிற சேதம் முழுவதையும் புதிதாக மாற்றினால் என்ன ஆகுமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளுபடி வேண்டும். இங்கே முழுவதும் மாற்ற 8,450. இரண்டு மடங்கு 16,900. கிடைக்கிற தள்ளுபடி 18,000. தேறுகிறது. ஏன் இரண்டு மடங்கு? ஒரு மடங்கு பொருளுக்கு. இன்னொரு மடங்கு, பிரித்த பிறகு தெரியவரும் சங்கதிகளுக்கும் நமது அலைச்சலுக்கும். ஒரு மடங்குக்கும் குறைவாகத் தள்ளுபடி தருகிறார் என்றால் விழாத வண்டியே லாபம்.

பேசும்போது "அடிபட்ட வண்டி" என்று ஆரம்பிக்காதீர்கள். எதிராளிக்குக் கோபம்தான் வரும். மெக்கானிக் எழுதிய பட்டியலை நீட்டுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். அந்தத் தம்பி பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, "கிராஷ் கார்டு நானே ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன் சார், மாட்டத்தான் நேரமில்ல" என்று வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தார். 61,000-க்கு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹேண்டில்பாரும் லீவரும் கண்ணாடியும் மாற்றியாயிற்று, திங்கட்கிழமை இன்சூரன்ஸுக்குப் போட்டோ எடுத்தார்கள். டேங்க் கீறலுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டட்டுமா மாமா என்று நேற்று கேட்டிருந்தான். விற்கிற அன்றைக்கு வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் உரித்துப் பார்ப்பான் மாப்ளே, அப்படியே விடு என்று பதில் போட்டிருக்கிறேன்.